துகள் சங்கிலியில் வெப்பக் கடத்தலைக் கணக்கிடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

வெப்ப ஓட்டம் வெப்பநிலைச் சரிவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது ஃபூரியர் விதி. துகள்களின் இயக்கச் சமன்பாடுகளிலிருந்தே இந்த விதி வருகிறதா என்று பார்க்க மிக எளிய களம் ஒரு பரிமாணச் சங்கிலி. துகள்களை ஸ்பிரிங்கால் கோத்து, இரு முனைகளையும் வெவ்வேறு வெப்பநிலையில் பிடித்து வைத்து, நடுவில் ஓடும் ஆற்றலை அளக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நிரல் எழுதுவது ஒரு மாலை வேலை. கிடைத்த எண் சரியா என்று தெரிந்துகொள்வதில்தான் வாரங்கள் போகும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஆயிரம் துகள் கொண்ட சீரிசையற்ற சங்கிலியில் (விசை இடப்பெயர்ச்சிக்கு நேர் விகிதத்தில் இல்லாத சங்கிலி) நேரே இறங்குகிறார்கள். ஒரு எண் வருகிறது. அதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிடுகிறார்கள். அதனால் இங்கே படிகளின் வரிசையைத்தான் வலியுறுத்துகிறேன். விடை முன்கூட்டியே தெரிந்த இடத்தில் தொடங்கி, தெரியாத இடத்துக்கு ஒவ்வொரு அடியாகப் போக வேண்டும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

நியூட்டன் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்த அனுபவம் கொஞ்சம் வேண்டும். வெலாசிட்டி வெர்லே முறை தெரிந்தால் போதும். புள்ளியியல் இயற்பியலில் சம ஆற்றல் பகிர்வும், காஸியன் பரவலும் தெரிந்திருக்க வேண்டும். பைத்தானில் முன்மாதிரி எழுதிப் பார்க்கலாம். நீண்ட ஓட்டங்களுக்கு சி அல்லது ஃபோர்ட்ரான் போன்ற வேகமான மொழி வேண்டும்.

நல்ல சமவாய்ப்பு எண் உருவாக்கி ஒன்றும் வேண்டும். ஒரே நேரத்தில் எட்டு ஓட்டங்களை அனுப்பினால் எட்டுக்கும் தனித்தனி விதை எண் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விதை போனால் எட்டும் ஒரே விடையைத் தரும். பிழை பூஜ்ஜியம் என்று கணக்கு காட்டும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

2. மாதிரியையும் அலகுகளையும் முதலில் எழுதி வையுங்கள்

துகளின் நிறை 1, ஸ்பிரிங் மாறிலி 1, துகள்களுக்கு இடையிலான சமநிலைத் தூரம் 1, போல்ட்ஸ்மான் மாறிலி 1. ஒவ்வொரு துகளுக்கும் அதன் சமநிலை இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதே மாறி. இரு முனைத் துகள்களையும் ஸ்பிரிங்கால் அசையாச் சுவரோடு கட்டிவிடுங்கள். அப்படியானால் துகள்களைவிட ஸ்பிரிங்குகள் ஒன்று கூடுதலாக இருக்கும். சுழல் எல்லைகளை எழுதிப் பழகியவர்கள் இந்த ஒன்றைத்தான் அடிக்கடி தவறவிடுகிறார்கள்.

முனைகளைச் சுவரோடு கட்டுவதா, சும்மா விடுவதா என்பது விடையையே மாற்றும். கீழே நான் தரும் எண்கள் எல்லாம் சுவரோடு கட்டிய சங்கிலிக்கு.

3. முனைகளில் வெப்பத்தேக்கம்

முதல் துகளுக்கும் கடைசித் துகளுக்கும் மட்டும் லாஞ்செவின் தெர்மோஸ்டாட், அதாவது குறித்த வெப்பநிலையில் உள்ள ஒரு தேக்கத்தோடு துகளை இணைக்கும் வழி. திசைவேகத்துக்கு எதிராக ஒரு உராய்வு விசை, கூடவே ஒரு சமவாய்ப்பு விசை. நடுவில் இருக்கும் துகள்களுக்கு இரண்டுமே கிடையாது. அவை நியூட்டனை மட்டுமே பின்பற்ற வேண்டும். நடுவில் உராய்வு புகுந்தால் அங்கே ஆற்றல் காக்கப்படாது, பிறகு ஓட்டம் என்று எதை அளந்தாலும் அதற்குப் பொருள் இல்லை.

ஒரு காலப்படியை இப்படிப் பிரிப்பது நல்லது: விசையால் அரைப்படி திசைவேகம், அரைப்படி இடப்பெயர்ச்சி, முனைத் துகள்களுக்குத் தெர்மோஸ்டாட், மீண்டும் அரைப்படி இடப்பெயர்ச்சி, கடைசியாக அரைப்படி திசைவேகம். தெர்மோஸ்டாட் படியைத் தோராயமாக எழுத வேண்டியதில்லை, அதற்குத் துல்லியமான தீர்வு உண்டு:

புதிய திசைவேகம் = தேய்வுக் காரணி × பழைய திசைவேகம் + √(வெப்பநிலை × (1 − தேய்வுக் காரணியின் வர்க்கம்)) × காஸியன் எண்

உராய்வையும் காலப்படியையும் பெருக்கி, அதை எதிர்க்குறியோடு அடுக்காக ஏற்றினால் வருவது தேய்வுக் காரணி. காஸியன் எண்ணின் சராசரி 0, பரவற்படி 1.

இந்த வடிவத்தைப் பரிந்துரைக்க ஒரு காரணம் உண்டு. சமவாய்ப்பு விசையைக் கையால் எழுதுபவர்கள் அதைக் காலப்படியால் பெருக்கிவிடுகிறார்கள். பெருக்க வேண்டியது காலப்படியின் வர்க்கமூலத்தால். தவறாக எழுதிய நிரலில் காலப்படியைக் குறைக்கக் குறைக்க வெப்பநிலையும் சேர்ந்து குறையும். உங்கள் நிரலில் அப்படி நடந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

காலப்படி 0.02-இல் தொடங்கலாம். பிறகு அதைப் பாதியாக்கி ஒருமுறை ஓட்டி, விடை பிழை வரம்புக்குள் மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

4. முதலில் சமநிலை

இரு முனைகளுக்கும் ஒரே வெப்பநிலை கொடுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டுப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் நிரலில் உள்ள பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் சிக்கும்.

ஒரு துகளின் வெப்பநிலை என்பது நிறை × திசைவேக வர்க்கத்தின் சராசரி. சமநிலையில் எல்லாத் துகளுக்கும் அது தேக்கத்தின் வெப்பநிலையாகவே இருக்க வேண்டும். முனைகளில் மட்டும் சரியாக இருந்து நடுவில் குறைந்தால், ஒன்று நீங்கள் போதிய நேரம் ஓட்டவில்லை, அல்லது நடுவில் எங்கோ ஆற்றல் கசிகிறது.

திசைவேகம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, இடப்பெயர்ச்சியையும் சோதியுங்கள். சீரிசைச் சங்கிலியில் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் சராசரி ஆற்றல், வெப்பநிலையில் பாதியை துகள் எண்ணிக்கையால் பெருக்கி ஸ்பிரிங் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. இரண்டு துகள், மூன்று ஸ்பிரிங் என்றால் வெப்பநிலையில் மூன்றில் ஒரு பங்கு. எல்லை விசையில் குறி தவறியிருந்தால் இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

5. ஓட்டத்தைச் சரியாக எழுதுவது

அடுத்தடுத்த இரு துகள்களுக்கு இடையே ஓடும் வெப்பம்: இடது துகள் வலது துகள் மீது செலுத்தும் விசை × இரு துகள்களின் திசைவேகச் சராசரி. ஸ்பிரிங்கின் ஆற்றலை இரு துகள்களுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டு, ஆற்றல் காப்பை எழுதினால் இதுவே வரும். ஒருமுறை காகிதத்தில் நீங்களே வருவித்துப் பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. குறி எங்கே மாறுகிறது என்பது பிறகு மறக்காது.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வரும்.

துகளின் மீதான மொத்த விசையை எடுப்பது முதல் தவறு. ஓட்டத்துக்குள் வருவது அந்த ஒரு ஸ்பிரிங்கின் விசை மட்டும். துகளை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் தல விசை இருந்தாலும், அது அண்டைத் துகளுக்கு ஆற்றலைக் கொடுப்பதில்லை. அதனால் ஓட்டத்தில் சேராது.

அரைப்படியில் இருக்கும் திசைவேகத்தையும் முழுப்படியில் இருக்கும் இடத்தையும் கலப்பது இரண்டாவது. இரண்டும் ஒரே கணத்துக்குரியவையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, எல்லா இணைப்புகளின் ஓட்டத்தையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, பிறகு கடத்துத்திறனை (ஓட்டத்துக்கும் வெப்பநிலைச் சரிவுக்கும் உள்ள விகிதம்) கணக்கிடும்போது நீளத்தால் இன்னொரு முறை வகுப்பது. மாறிக்கு மொத்த ஓட்டம் என்றோ சராசரி ஓட்டம் என்றோ தெளிவாகப் பெயர் வையுங்கள்.

இதோடு தேக்கத்திலிருந்து வரும் ஓட்டத்தையும் தனியாக அளக்க வேண்டும். அது உராய்வு × (தேக்கத்தின் வெப்பநிலை − முனைத் துகளின் வெப்பநிலை). இடப்பக்கம் உள்ளே வருவது, நடுவில் ஓடுவது, வலப்பக்கம் வெளியே போவது ஆகிய மூன்றும் நெடுநேரச் சராசரியில் ஒன்றாக வேண்டும். இனி வரும் எல்லாப் படிகளிலும் இதுதான் உங்கள் காவல்.

6. இரண்டு துகள், பிறகு நீண்ட சீரிசைச் சங்கிலி

இப்போது வெப்பநிலைகளைப் பிரிக்கலாம். இடது 2, வலது 1, உராய்வு 1.

வெறும் இரண்டு துகளோடு தொடங்குங்கள். சமன்பாடுகள் நேரியல் என்பதால் இரண்டாம் படிச் சராசரிகளை எல்லாம் காகிதத்திலேயே தீர்க்கலாம். ஓட்டம் 1/6 வரும். இடது துகளின் வெப்பநிலை 11/6, வலது துகளுடையது 7/6. தேக்கத்தின் கணக்கும் ஒத்துப்போகிறது: 2 − 11/6 = 1/6. உங்கள் நிரல் 0.167 தராவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டு துகளில் பிழை தேடுவது எளிது, இருநூறு துகளில் அது கண்ணில் படாது.

அது சரியானதும் நூறு துகளுக்குப் போங்கள். நீண்ட சீரிசைச் சங்கிலிக்கும் துல்லியமான தீர்வு இருக்கிறது. ரீடர், லெபோவிட்ஸ், லீப் மூவரும் 1967-இல் வெளியிட்டது. மேலே சொன்ன அளவுகளுக்கு ஓட்டம் (3 − √5)/4, அதாவது சுமார் 0.191. முதல் துகளின் வெப்பநிலை சுமார் 1.809, கடைசியுடையது 1.191.

நடுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சரிவே இருக்காது. உட்பகுதி முழுக்க 1.5 என்று தட்டையாக நிற்கும். இன்னொரு விசித்திரம்: சூடான முனைக்கு அடுத்த துகள் 1.5-ஐ விடச் சற்றுக் கீழே இருக்கும், குளிர்ந்த முனைக்கு அடுத்தது சற்று மேலே. இதைப் பார்த்து நிரலில் பிழை என்று நினைத்துத் திருத்தப் போகிறவர்கள் உண்டு. பிழை இல்லை, தீர்வே அப்படித்தான்.

துகள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினாலும் ஓட்டம் 0.191-ஆகவே இருக்கும். சீரிசைச் சங்கிலியில் அதிர்வு அலைகள் ஒன்றையொன்று சிதறடிப்பதில்லை, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தடையின்றிப் போகின்றன. ஆக, இங்கே ஃபூரியர் விதி செல்லாது. கடத்துத்திறன் என்று கணக்கிட்டால் அது நீளத்தோடு நேர் விகிதத்தில் வளர்ந்துகொண்டே போகும்.

7. சீரிசையைக் கலைப்பது

சிதறல் வேண்டுமென்றால் நேரியலற்ற விசை வேண்டும். இரண்டு மாதிரிகளை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே நிரலில் ஒரு மாற்றுக்குறியால் தேர்ந்தெடுக்கும்படி எழுதுங்கள்.

முதலாவது, ஃபை-நான்கு சங்கிலி. ஸ்பிரிங்குகள் சீரிசையாகவே இருக்கும். ஒவ்வொரு துகளும் தன் இடத்தோடு நான்காம் படி நிலையாற்றலால் கட்டப்பட்டிருக்கும். இரண்டாவது, ஃபெர்மி-பாஸ்தா-உலாம்-சிங்கூ சங்கிலி, சுருக்கமாக ஃபெர்மி சங்கிலி. இங்கே தல விசை இல்லை. ஸ்பிரிங்கின் நிலையாற்றலிலேயே நான்காம் படி உறுப்பு சேர்கிறது.

பார்வைக்குச் சிறிய வேறுபாடு, ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஃபை-நான்கில் தல விசை உந்தத்தை உறிஞ்சிவிடுகிறது. ஃபெர்மி சங்கிலியின் உட்பகுதியில் உந்தம் காக்கப்படுகிறது. நீண்ட அலைகள் மிக மெதுவாகவே தேய்கின்றன. எண்களில் இது எப்படித் தெரியும் என்பதை 11-ஆம் படியில் பார்ப்போம்.

இயக்கச் சமன்பாட்டில் புதிய உறுப்பைச் சேர்த்ததும், தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டுச் சற்று நேரம் ஓட்டி, மொத்த ஆற்றல் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நான்காம் படி நிலையாற்றலை வகையிடும்போது காரணி 4 தவறிப்போவது மிகச் சாதாரணம். பிறகு 4-ஆம் படிச் சமநிலைச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்யுங்கள்.

8. நிலைத்த நிலை வந்துவிட்டதா?

வெப்பம் பரவி நகரும் சங்கிலியில், தொடக்க நிலையின் நினைவு அழிய ஆகும் நேரம் நீளத்தின் வர்க்கத்தைப் போல வளரும். நூறு துகளுக்குப் போதுமான காத்திருப்பு ஆயிரம் துகளுக்கு நூறு மடங்காகும். சிறிய சங்கிலியில் வைத்த காத்திருப்பு நேரத்தை அப்படியே பெரியதற்கும் வைப்பதுதான் இந்தத் துறையில் நான் பார்த்த மிகச் செலவுள்ள தவறு. தரவு அழகாக வரும், கடத்துத்திறன் ஏதோ ஒரு எண்ணில் நிற்கும், எல்லாமே தவறாக இருக்கும்.

வெப்பநிலைகளை எல்லாம் பூஜ்ஜியத்தில் தொடங்காதீர்கள். இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டின்படி ஒவ்வொரு துகளுக்கும் ஒரு வெப்பநிலை கொடுத்து, அதற்கேற்ற காஸியன் திசைவேகம் எடுத்துத் தொடங்கினால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

வந்துவிட்டதா என்று அறிய 5-ஆம் படியின் மூன்று ஓட்டங்களையும் ஒப்பிடுங்கள். உள்ளே வருவதும் வெளியே போவதும் பிழை வரம்புக்கு அப்பால் வேறுபட்டால் சங்கிலி இன்னும் சூடேறிக்கொண்டோ ஆறிக்கொண்டோ இருக்கிறது என்று பொருள். ஓட்டத்தின் சராசரி ஒரே எண்ணில் நிற்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். மெதுவான மாற்றம் கண்ணுக்கு நிலைத்தது போலவே தெரியும்.

உள்ளூர்ச் சமநிலையையும் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு துகளின் வெப்பநிலை என்ற சொல்லுக்கே பொருள் குறைவு. திசைவேகத்தின் நான்காம் படிச் சராசரியை, வர்க்கச் சராசரியின் வர்க்கத்தால் வகுத்தால் 3 வர வேண்டும். வராவிட்டால் உள்ளூர்ச் சமநிலை இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் 3 வந்துவிட்டதால் மட்டும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. சீரிசைச் சங்கிலியிலும் 3 வரும், ஏனென்றால் அங்கே சமன்பாடுகள் நேரியல், விசையோ காஸியன்.

9. சராசரியும் பிழையும்

சராசரி ஓட்டம் நீளத்தோடு குறைகிறது, அதன் ஏற்ற இறக்கம் அதே வேகத்தில் குறைவதில்லை. அதனால் நீண்ட சங்கிலியில் சத்தத்துக்குள் சமிக்ஞை மூழ்கிவிடும். வெப்பம் பரவி நகரும் சங்கிலிக்கு, வெப்பநிலை வேறுபாடு பெரிதாக இல்லாதபோது, ஓட்டத்தின் சார்புப் பிழையை இப்படி மதிப்பிடலாம்:

சார்புப் பிழை ≈ (சராசரி வெப்பநிலை ÷ வெப்பநிலை வேறுபாடு) × √(2 × துகள் எண்ணிக்கை ÷ (கடத்துத்திறன் × ஓட்டிய நேரம்))

கணினியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடத்துத்திறன் 1 என்று வைத்துக்கொள்வோம். நூறு துகள், வெப்பநிலைகள் 2-உம் 1-உம் என்றால் ஒரு சதவீதப் பிழைக்கே சுமார் 45 லட்சம் அலகு நேரம் ஓட்ட வேண்டும். வெப்பநிலை வேறுபாட்டைப் பாதியாக்கினால் நேரம் நான்கு மடங்காகும்.

பிழையைக் கணக்கிட ஒவ்வொரு காலப்படியின் மதிப்பையும் தனி மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்தடுத்த மதிப்புகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஓட்டத்தை நீண்ட துண்டுகளாகப் பிரித்து, துண்டுச் சராசரிகளின் சிதறலிலிருந்து பிழையை எடுங்கள். துண்டின் நீளத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் பிழை முதலில் ஏறி, பிறகு ஓரிடத்தில் நிற்கும். நின்ற இடத்தின் மதிப்புதான் சரி.

10. கடத்துத்திறனை எடுப்பது

ஓட்டத்தை முனை வெப்பநிலை வேறுபாட்டால் வகுத்து நீளத்தால் பெருக்குவது எல்லோரும் முதலில் செய்வது. அதில் தொடுகைத் தடையும் சேர்ந்துவிடுகிறது. தேக்கத்துக்கும் முதல் துகளுக்கும் இடையே வெப்பநிலை ஒரு தாவு தாவுகிறது. சிறிய சங்கிலியில் இந்தத் தாவல் மொத்த வேறுபாட்டில் பெரும் பங்கு. ஆகவே இரு பக்கமும் கொஞ்சம் துகள்களை விட்டுவிட்டு, உட்பகுதியின் சரிவை மட்டும் எடுத்து வகுங்கள். எத்தனை துகளை விட்டால் விடை மாறாமல் நிற்கிறது என்று சோதித்துவிட்டே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

ஃபை-நான்கில் உட்பகுதிக் கோடு நேராக இராமல் வளையும். வெப்பநிலை கூடக்கூடக் கடத்துத்திறன் குறைவதே காரணம். ஓட்டம் எங்கும் ஒன்றே என்பதால், கடத்துத்திறன் குறைந்த சூடான பக்கத்தில் சரிவு செங்குத்தாகவும் குளிர்ந்த பக்கத்தில் மெதுவாகவும் இருக்கும். வளைவு எதிர்த்திசையில் வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

வெப்பநிலை வேறுபாட்டைப் பாதியாக்கி, சராசரி வெப்பநிலையை மாற்றாமல், இன்னொரு முறை ஓட்டுங்கள். கடத்துத்திறன் மாறாவிட்டால்தான் நீங்கள் நேரியல் எல்லைக்குள் இருக்கிறீர்கள்.

11. நீளத்தை மாற்றுவது

நீளங்களை இரட்டிப்பாக எடுங்கள்: 64, 128, 256, 512, 1024. இரு அச்சிலும் மடக்கை எடுத்துக் கடத்துத்திறனை வரையுங்கள். எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே கோடு போட்டு அதன் சரிவாக அடுக்கை (கடத்துத்திறன் நீளத்தின் எந்த அடுக்காக வளர்கிறது என்பது) எடுப்பதைவிட, அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள சரிவைத் தனித்தனியாக எழுதுவது நல்லது. அது நீளத்தோடு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

ஃபை-நான்கில் சரிவு பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கும். ஃபூரியர் விதி செல்லும். ஆனால் குளிர்ந்த சங்கிலியில் அலைகள் சிதறாமல் நெடுந்தூரம் போகும். சங்கிலி அந்தத் தூரத்தைவிடச் சிறியதாக இருந்தால் ஃபை-நான்கும் சீரிசைச் சங்கிலி போலவே நடந்துகொள்ளும். வெப்பநிலையை 1-க்கு அருகில் வைத்துத் தொடங்கினால் இந்தச் சிக்கல் குறைவு.

ஃபெர்மி சங்கிலியில் சரிவு பூஜ்ஜியத்துக்கு இறங்காது. லெப்ரி, லிவி, பொலிட்டி 1997-இல் இந்த வளர்ச்சியைக் கணினியில் காட்டினார்கள். நாராயணும் இராமசாமியும் 2002-இல் பாய்ம இயக்கவியல் வழியாக 1/3 என்ற அடுக்கை முன்வைத்தார்கள். கணினிக் கணக்குகளில் 0.3-க்கும் 0.4-க்கும் இடையிலான மதிப்புகள் பரவலாக வருகின்றன. உங்களுக்கு 0.4 வந்தால் பதற வேண்டாம், ஆயிரம் துகள் இந்தக் கேள்விக்குச் சிறிய சங்கிலி.

உந்தம் காக்கப்பட்டாலே கடத்துத்திறன் வளரும் என்று விதியாக்கிவிடவும் வேண்டாம். சுழலிகளின் சங்கிலியில் (ஒவ்வொரு துகளும் ஓர் அச்சைச் சுற்றிச் சுழலும் மாதிரி) கோண உந்தம் காக்கப்படுகிறது, இருந்தும் கடத்துத்திறன் ஒரு நிலையான மதிப்புக்கு வருகிறது. அங்கே ஒரு சுழலி முழுச்சுற்று சுற்றிவிட முடியும் என்பதால் நீட்சி காக்கப்படுவதில்லை.

12. கிரீன்-கூபோ வழியாகச் சரிபார்த்தல்

வெப்பநிலை வேறுபாடே இல்லாமல் கடத்துத்திறனைப் பெறும் வழி இது. சங்கிலியை வளையமாக மூடி, தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டி, மொத்த ஓட்டத்தின் நேர ஒட்டுறவை (ஒரு கணத்து ஓட்டத்தையும் பிந்தைய கணத்து ஓட்டத்தையும் பெருக்கி எடுக்கும் சராசரி) காலத்தின் மீது தொகையிட வேண்டும். அதைத் துகள் எண்ணிக்கையாலும் வெப்பநிலையின் வர்க்கத்தாலும் வகுத்தால் கடத்துத்திறன். தொடக்க நிலைகளைச் சமநிலைப் பரவலிலிருந்து பலமுறை எடுத்துச் சராசரி பாருங்கள். ஒற்றை ஓட்டத்தை நம்ப வேண்டாம்.

ஃபெர்மி வளையத்தில் தொடங்கும் முன் மொத்த உந்தத்தைக் கழித்துப் பூஜ்ஜியமாக்குங்கள். மறந்தால் வளையம் முழுதாக நகரும் பங்கு ஓட்டத்துக்குள் புகுந்துகொள்ளக்கூடும். ஒட்டுறவு ஒருபோதும் தேயாமல் ஒரு மாறிலியில் நிற்கும், தொகை ஏறிக்கொண்டே போகும்.

ஃபை-நான்கில் தொகை ஒரு மட்டத்துக்கு வந்து நிற்கும். அது 10-ஆம் படியில் கிடைத்ததோடு, அதே சராசரி வெப்பநிலையில், பிழை வரம்புக்குள் ஒத்துப்போக வேண்டும். சரியாக இரண்டு மடங்கு வேறுபாடு வந்தால் ஒட்டுறவை எதிர்க் காலத்துக்கும் சேர்த்துத் தொகையிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஃபெர்மி சங்கிலியிலோ உண்மையான நீண்ட வால் இருக்கிறது, தொகை நிற்காது. அங்கே ஒலி அலை சங்கிலியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும் நேரத்தில் தொகையை வெட்டி, அந்த நீளத்துக்குரிய கடத்துத்திறனோடு ஒப்பிடுங்கள். ஒட்டுறவை இரு அச்சிலும் மடக்கை எடுத்து வரைந்தால் வாலின் தேய்வு அடுக்கு கிடைக்கும். அதை ஒன்றிலிருந்து கழித்தால் 11-ஆம் படியில் வந்த அடுக்குக்கு அருகில் வர வேண்டும்.